மீன் சந்தையில் உங்கள் பெயர்

அமராவதி அணை மீனைத் தவிர வேறெதையும் மீன் என்று ஒப்புக்கொள்ளாத என் காதர் மாமாவுக்கு,

நீங்கள் போக வேண்டிய ஊருக்கு நான் போய் வந்துவிட்டேன். டோக்கியோவில் இருக்கும் சுக்கிஜி மீன் சந்தை. நம்மிடம் சட்டை வாங்கும் ஜப்பான் கம்பெனியின் ஒகாடா திருப்பூர் வரும்போதெல்லாம் உங்கள் வீட்டு மீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் உங்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்பாரே, அதே இடம். உங்களுக்குக் கொடுத்த வாக்கை என்னை வைத்து நிறைவேற்றினார்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. நீங்கள் கோவை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வெள்ளைக் காலர் வைத்த நேவி புளூ சட்டைகள் கப்பலேறின, ஞாபகம் இருக்கிறதா? முதல் துவையலிலேயே நீலம் காலரில் இறங்கிவிட்டது. அங்கே கடைகளில் இருந்த சட்டைகளையெல்லாம் திரும்ப எடுத்துவிட்டார்கள். நேரில் வரச் சொல்லி ஃபேக்ஸ் வந்தபோது நீங்கள் எங்களையெல்லாம் விட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

இதை நம் பனியன்காரர்களின் ஆண்டு மலரில் போடக் கொடுக்கிறேன். உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. நாம் இரண்டு பேரும் தொழில் கூட்டாளிகள், மாமா மாப்ள என்பதெல்லாம் பழக்கத்தில் வந்த முறை. சாயம் போட்டு வரும் துணியைப் பார்த்துச் சரி சொல்வது உங்கள் வேலை. வீரபாண்டி யூனிட்டின் மொட்டை மாடிக்குத் துணியைக் கொண்டுபோய், வெயிலில் விரித்து, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்ப்பீர்கள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் ஒரு துண்டு வெட்டி, அட்டையில் வைத்துப் பின் அடித்து, கையெழுத்துப் போடுவீர்கள். அந்த அட்டை இல்லாமல் நம் சரக்கு வெளியே போனதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று ஏழு வெற்று அட்டைகளில் கையெழுத்துப் போட்டு என் மேஜை டிராயரில் வைத்தீர்கள். "மாப்ள, நான் வர்ற வரைக்கும் நீங்களே பாத்து வெச்சுக்குங்க. வெயில்ல பாக்காம மட்டும் வெச்சுப் போடாதீங்க" என்றீர்கள். எவனாவது இப்படி வெற்று அட்டையில் கையெழுத்துப் போடுவானா மாமா? நீங்கள் போட்டீர்கள், என்னை நம்பி.

வெயிலில் பார்த்தேன். கைக்குட்டையில் நீலம் வந்தது. இன்னொரு முனையை நனைத்து மறுபடி தேய்த்தேன், இந்த முறை மெதுவாக, வந்துவிடக் கூடாதே என்று. அப்போதும் வந்தது. சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் கப்பலைப் பிடிக்க முடியாது. உங்கள் அட்டையில் துண்டை வைத்துப் பின் அடித்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் துணி எப்படி என்று கேட்டீர்கள். நல்லா இருக்குதுங்க மாமா என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

டோக்கியோ ஆபீசில் அந்த அட்டையை மேஜை மேல் வைத்திருந்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்துப் போனவன் நான். ஒகாடா தன் மெதுவான இங்கிலீஷில், காதர்-சானுக்கு அப்போது உடம்பு முடியவில்லை, கண் தவறியிருக்கும், எங்களுக்குப் புரிகிறது என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். தவறு செய்தவர் இப்போது இல்லை, இனி இப்படி நடக்காது என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த சீசன் ஆர்டரையும் கையில் கொடுத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஒகாடா சந்தைக்குக் கூட்டிப்போனார். தரையெல்லாம் தண்ணீர், எனக்கும் ஒரு ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். மூன்று சக்கர வண்டிகள் பெட்டி பெட்டியாக மீனை ஏற்றிக்கொண்டு காலுக்குள் புகுந்து போகின்றன. ஆள் உயரத்துக்கு ஒவ்வொரு சூரை மீனும் வால் அறுபட்டு வரிசையாகக் கிடக்கிறது. நாற்றம் இல்லை மாமா, நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம் சந்தைப்பேட்டையில் ஐஸ் பெட்டி திறந்தாலே மூக்கைப் பிடிக்கிற நான் சாதாரணமாக நின்றேன்.

ஏலத்துக்கு முன்னால் வியாபாரிகள் ஒவ்வொரு மீனிடமும் குனிகிறார்கள். அறுத்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். ஒருவர் ஒரு துளி சதையைக் கிள்ளி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தலையை அசைத்துவிட்டு அடுத்த மீனுக்குப் போனார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு நொடிதான் ஆனது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மீன் வாடையால்தான் என்று ஒகாடா நினைத்துக்கொண்டு வெளியே அழைத்து வந்தார்.

வெளியே தெரு முழுக்கக் கத்திக் கடை, கருவாட்டுக் கடை, கடற்பாசிக் கடை. குச்சியில் குத்திய இனிப்பு முட்டை ஆம்லெட் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பச்சை மீனும் ஒரு துண்டு தின்றேன், உங்களுக்காக. மெல்லாமல் விழுங்கியதைப் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் கேலி பண்ணியிருப்பீர்கள். பக்கத்தில் ஒரு பெரிய புத்தர் கோவில், பார்த்தால் நம் தேசத்துக் கட்டடம் மாதிரியே இருக்கிறது. சந்தை ஓரத்தில் இன்னொரு சின்னக் கோவில், கடல் அலையைத் தடுக்கிற சாமியாம்.

அந்தச் சின்னக் கோவிலில் மீனுக்கு ஒரு நடுகல், இறாலுக்கு ஒன்று, முட்டைக்குக்கூட ஒன்று. நமக்காக உயிரை விட்டவற்றுக்கு நன்றி சொல்லும் கற்கள் என்று ஒகாடா சொன்னார். பிறகு கை தட்டிக் கும்பிட்டு வெகுநேரம் குனிந்து நின்றார். நிமிர்ந்து, "காதர்-சானுக்கும் சேர்த்து" என்றார். பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார். கம்பெனிக்கு இனி இது தேவையில்லை, அவர் கையெழுத்து இருக்கிறது, குடும்பத்துக்குக் கொடுங்கள் என்றார். நீங்கள் செய்யாத தவறை அவர் மன்னித்துவிட்டார் மாமா. நான் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு தோட்டத்துக்குப் போனோம். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் குளம், நடுவில் டீக்கடை மாதிரி ஒரு மர வீடு. இங்கே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அது வேப்பிலைக் கசப்பு.

ஊருக்கு வந்ததும் உங்கள் வீட்டம்மா மைமூன் அக்காவைப் பார்க்கப் போனேன். உங்கள் சட்டையை இன்னும் ஆணியில்தான் மாட்டி வைத்திருக்கிறார். "அங்க அவரப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா தம்பி?" என்று கேட்டார். "ரொம்பப் பெருமையாச் சொன்னாங்கக்கா" என்றேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அட்டை அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

மற்றபடி இங்கே எல்லாம் ஓடுகிறது. எல்லோர் இடுப்பிலும் பேஜர் கத்துகிறது. புது ஆர்டர் மிஷினில் ஏறிவிட்டது, டெய்லர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் இந்த ஆர்டர் நிற்குமா, போகுமா? தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாடிக்குப் போகும் படியில் இப்போது என்னால் ஏற முடியவில்லை, வாட்ச்மேனை அனுப்பித் துணியைக் கீழே கொண்டுவரச் சொல்கிறேன். உங்கள் கைக்குட்டையும் அங்கேயே கொடியில் கிடக்கிறது.

நடந்ததையெல்லாம் ஒகாடாவுக்கு ஃபேக்ஸாக எழுதிவிட்டேன், நாளைக்குப் போகும். மலர் அச்சாகி ஊர் படிப்பதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே உங்கள் வீட்டுக்குப் போவேன். மீதி ஆறு வெற்று அட்டைகளையும் அக்காவிடம் ஒப்படைப்பேன். கடைசியாக ஜப்பானிலிருந்து வந்த அட்டையைக் கையில் கொடுத்துச் சொல்வேன்: "கையெழுத்து மாமாவோடதுங்க அக்கா. துணிய வெச்சது நானுங்க."

அதற்குப் பிறகும் அப்படி அழைக்கலாம் என்றால்,
உங்கள் மாப்பிள்ளை,
துரைசாமி