கடைசி அத்தியாயம் இல்லாத புத்தகம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. இரண்டு துப்பறியும் கதை, ஒரு தலையணை. அந்தத் தலையணையைத்தான் நீ வரலாற்றுப் புத்தகம் என்கிறாய். உங்கள் நூலகத்தில் கழித்துப் போடுகிற புத்தகமெல்லாம் என் தலையில்தான் என்று முடிவு கட்டிவிட்டாயா? திட்டவில்லை, சந்தோஷம்தான்.

பேக்கரிக்காரி துப்பறிகிற கதையை முதலில் எடுத்தேன். வழக்கம்போலக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். கொன்றது பல் டாக்டர், பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்தேன். நீ தலையில் அடித்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. பூனைக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே ஒரு முழுப் புத்தகத்தைப் படிக்க என்னால் ஆகாது.

ஒரே ஒரு குறை. அந்த ஊரில் அடுத்தடுத்துக் கொலை விழுகிறது, ஒருத்திக்காவது கால் வலிக்கிறதா? காலையில் பிணத்தைப் பார்க்கிறாள், மத்தியானம் கேக் போடுகிறாள், சாயங்காலம் கொலைகாரனைத் துரத்துகிறாள். நான் சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரி மேஜை முன்னால் நின்றுவிட்டு வந்தால், செருப்பைக் கழற்றக் குனிவதற்கே யோசனையாக இருக்கிறது.

வரலாறு பரவாயில்லை. அதில் எல்லோரும் முன்னமே செத்துப் போய்விட்டார்கள், யாருக்காகவும் கவலைப்பட வேண்டாம். ஆனால் அதை எழுதின உன் ஆசிரியர் எதற்கும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். ராணிக்கு விஷம் வைத்தார்களா? ‘வைத்திருக்கக்கூடும், வைக்காமலும் இருந்திருக்கலாம்.’ இதைச் சொல்லவா இவ்வளவு காகிதம்?

சொல்ல மறந்தேன். கழுத்தில் ஒரு கட்டி. உன் மாமா நச்சரித்து டாக்டரிடம் இழுத்துப் போனார். ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள். டாக்டரும் உன் வரலாற்று ஆசிரியர் மாதிரியேதான் பேசுகிறார். “ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்மா, பாப்போம்” என்றார். முடிவு தெரிய அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. போனும் பண்ணாதே. மிஷின் சத்தத்தில் இருந்து இருந்து எனக்குப் பாதிதான் கேட்கிறது.

உன் அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கேக், பூனை, கால் வலி எல்லாம் எழுதிவிட்டுக் கட்டியைக் கடைசிப் பத்தியில் சொல்கிறாயே, இது நியாயமா? டாக்டர் என்ன சொன்னார்? மற்றதை அப்புறம் எழுது, அதை முதலில் எழுது.

என் ஆசிரியரைக் குறை சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குத் தைரியம் இருக்கிறது. உன் பேக்கரிக்காரிக்குத்தான் எல்லாம் தெரிந்துவிடுகிறது. எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, நீதான் கொன்றாய் என்கிறாள். அவனும் சமர்த்தாக ஆமாம் என்கிறான். எந்த ஊரில் நடக்கிறது இது?

இங்கே நூலகத்தில் பைண்டிங் செய்கிறவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். கவுன்டரும் நான், பைண்டிங்கும் நான். சாயங்காலம் விரல்களில் பசை காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது, கழுவக்கூடத் தெம்பில்லை. உனக்காக இன்னொரு கதை அனுப்பியிருக்கிறேன். மலைமேல் ஒரு விடுதி, அதை நடத்துகிற அம்மாள், ஒரு பூனை. உனக்கு இது போதுமே.

உன் தம்பி

மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

விடுதிக் கதை நன்றாகப் போகிறது. பாதி தாண்டிவிட்டேன். நடுவில் பூனையைக் காணோம். இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். இந்தத் தடவை வரிசையாகத்தான் படிக்கிறேன். முடிவுக்கு என்ன அவசரம்?

டாக்டரிடம் இன்னும் போகவில்லை. கடையில் ஆள் இல்லை, ஹோட்டல் படுக்கை விரிப்பெல்லாம் வந்து குவிந்து கிடக்கிறது. மாமா கேட்டதற்கு, “போன்லயே கேட்டுட்டேன், ஒண்ணுமில்லையாம்” என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ எதையாவது உளறிவைக்காதே.

அலுப்பாக இருக்கிறது, தம்பி. தூங்கி எழுந்தாலும் அதே அலுப்பு. வயசாகிறது, வேறென்ன.

உன் அக்கா

ஏப்ரல் 3

அக்கா,

அந்தப் புத்தகத்தில் கடைசி அத்தியாயமே கிடையாது.

பைண்டிங் பிரிந்துபோய் வந்தது. தைக்கும்போது நான்தான் கடைசிப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். சும்மா ஒரு விளையாட்டுக்கு. பார்சலைப் பிரித்த கையோடு நீ கடைசிப் பக்கத்துக்குப் போவாய், ‘டேய் படுபாவி’ என்று அன்றைக்கே கடிதம் போடுவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

சின்ன வயசிலிருந்து நீ ஒரு கதையையும் முதலிலிருந்து படித்ததில்லை. பரீட்சை முடிவு வந்தால் என்னுடையதையும் சேர்த்து நீதான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவாய். அப்படிப்பட்டவள் முடிவுக்கு என்ன அவசரம் என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்? ஆள் இல்லை, விரிப்பு குவிந்திருக்கிறது என்றெல்லாம் என்னிடம் கதை விடாதே. நீ பயந்துபோயிருக்கிறாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. உன்னை விட்டால் எனக்கு யார்?

மாமாவிடம் உண்மையைச் சொல்லு. அந்தப் பக்கங்கள் என் மேஜையில்தான் இருக்கின்றன. நானும் படிக்கவில்லை. அனுப்பட்டுமா?

உன் தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

டேய் படுபாவி.

எழுதியாயிற்று, திருப்தியா?

மாமாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பார்த்தேன். கசங்கின சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “வா, இப்பவே போலாம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கமாட்டார் என்று சொல்லிச் சொல்லி உட்காரவைத்தேன். இரண்டு பேருமாக டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதில் என்ன ஓடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நீதான் கண்டுபிடித்துவிட்டாயே, அதனால் சொல்கிறேன். கதையில் முடிவைத் தெரிந்துகொண்டால் நடுவில் இருப்பதை நிம்மதியாகப் படிக்கலாம். இதில் முடிவைத் தெரிந்துகொண்டால், அப்புறம் அதைத் தவிர வேறெதையும் படிக்க முடியாதே. அந்தப் பயம்தான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன், அதையும் உன்னிடம் மறைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அந்தப் பக்கங்களைத் தபாலில் அனுப்பாதே, நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. டாக்டரிடம் நீ முதலில் போ. மாமாவை அனுப்பினால் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. நான் வெளியே பெஞ்சில் உன் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ராணிக்கு விஷம் வைத்தார்களா இல்லையா என்று உன் ஆசிரியர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

நீ வெளியே வந்ததும் அவரை மாதிரி நீட்டி முழக்காதே. பூனை பிழைத்ததா இல்லையா, அதை மட்டும் முதலில் சொல். பிறகு எதுவானாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து சொல்லு, கேட்டுக்கொள்கிறேன். என் நல்ல காது வலது பக்கம்.

உன் அக்கா