பாலோவில் கிடைத்த பெல்ஜியம்

இன்று காலை கடை திறந்ததும் முதல் பெட்டியின் மூடியை எடுத்தேன். கசப்பும் வெண்ணெயும் கலந்த அந்த வாசனை எழுந்ததும் கை கொஞ்ச நேரம் வேலையை மறந்துவிட்டது. நீ போய் வருடங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் அதே சிங்கப்பூர்ப் பேரங்காடியில், அதே பெல்ஜியம் சாக்லேட் கடையில்தான் நிற்கிறேன். விடியுமுன் எழுந்து, ஜொகூர்ப் பாலத்தில் ஊர்ந்து, நாள் முழுக்க நின்று, மறுபடி அதே பாலத்தில் ஊர்ந்து வீடு திரும்புகிறேன். நாம் இருவராகப் போய்வந்தபோது இந்தப் பாலம் இவ்வளவு நீளமாக இல்லை. அலுத்துவிட்டதடி.

முதலில் வந்த அம்மாள் கறுப்புச் சாக்லேட்டைக் காட்டி, "இது ஹார்ட்டுக்கு நல்லதாமே, உண்மையா?" என்றார். நானும் பாடம் ஒப்பித்தேன். கொக்கோ அதிகம், சீனி குறைவு, ரத்த ஓட்டத்துக்கு உதவும் என்கிறார்கள், மனசுக்கும் தெம்பு. அவர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். நீயாக இருந்தால், "ஒரு துண்டு உங்க ஹார்ட்டுக்கு நல்லது, ஒரு பெட்டி எங்க ஹார்ட்டுக்கு நல்லது லா" என்று சிரிக்க வைத்தே இரண்டு பெட்டியைத் தலையில் கட்டியிருப்பாய்.

உனக்கு அதில் என்ன சத்து இருக்கிறது என்பதெல்லாம் பெரிதில்லை. ருசிதான் எல்லாம். உடைந்துபோன துண்டுகளைப் பின்னறையில் நாம் பங்கு போடும்போது நான் கறுக்மொறுக்கென்று கடித்தால் உனக்குப் பொறுக்காது. "மெல்லாதடி. நாக்குல வச்சிட்டுச் சும்மா இரு. அதுவா பேசும்" என்பாய். மளிகைக் கடைச் சாக்லேட்டை யாராவது நீட்டினால், மெழுகைத் தின்ன நான் என்ன விளக்கா என்று தள்ளிவிடுவாய். திமிர் பிடித்தவள்.

பிறகு அந்த நோய் வந்தது. வேலையை விட்டுச் சொந்த ஊரான பாலோவுக்கே, உன் அம்மாவிடம், போய்விட்டாய். மருந்து உன் நாக்கைச் சுட்டுவிட்டது. சோறு மண் மாதிரி இருக்கிறது என்றாய். உன் அம்மாவோ கோயிலில் ஒருத்தி சொன்னாள், பக்கத்து வீட்டில் ஒருத்தி சொன்னாள் என்று சீனியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. மூன்று வேளையும் டுரியான் பிளாண்டா என்கிற முள்சீத்தா இலையைக் காய்ச்சிய தண்ணீர்தான். விரும்பியதைச் சாப்பிடட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதன் அர்த்தம் உனக்கும் எனக்கும் புரிந்தது. உன் அம்மா புரிந்துகொள்ள மறுத்தார்.

"ஒரே ஒரு துண்டு போதும்டி. நம்ம கடையிது" என்று என்னிடம் கேட்டாய். அதற்கு முன் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கடைப் பாடம் முழுவதையும் உன் அம்மாவிடம் ஒப்பித்தேன். ரத்த ஓட்டம், மனத்தெம்பு, குறைந்த சீனி, ஒன்றையும் விடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக எதையும் விற்றதில்லை. அவர் கடைசியில், "மருந்து மாதிரின்னு சொல்ற. அப்பக் கொண்டா" என்றார்.

கொண்டுவந்தேன். வழியில் ஆயர் ஈத்தாமில் ஒரு தேநீருக்காக நின்றபோது வெயிலில் கார் அடுப்பாகிவிட்டது. சாக்லேட் இளகியிருந்தது. உன் வாயெல்லாம் புண்ணாக இருந்ததால், "புண்ணு ஆறட்டும், அப்புறம் சாப்பிடுறேன்" என்று பெட்டியைத் தடவிப் பார்த்துக் கொடுத்துவிட்டாய். குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் நான் வந்தபோது நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய். புண் ஆறியிருந்தது. சாக்லேட் கேட்டாய்.

"அதையா? வெள்ளை வெள்ளையா பூசணம் பிடிச்சிருந்துச்சு கண்ணு. நேத்துதான் குப்பையில போட்டேன்" என்றார் உன் அம்மா.

"அலமாக்! அம்மா, அது பூசணமில்ல. சூட்டுல உருகிக் குளிர்ந்தா கொக்கோ வெண்ணெய் மேல வந்து அப்படித்தான் பூக்கும். ருசி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்" என்று சிரித்தாய். சிரிக்கத்தான் செய்தாய், ஆனால் உன் முகம் விழுந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

உன் அம்மா குடையை எடுத்துக்கொண்டு மழையில் வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினார். குழந்தைகள் வாங்குவது. உறையில் ஒரு முயல் குதித்தது. "இதுவும் அந்தப் பெல்ஜியம் ஊருலேருந்து வர்றதுதான்னு கடைக்காரன் சொன்னான்" என்றார். சீனியைக் கண்டாலே பதறிய மனுஷி அவர்.

நீ அதை உடைக்கப் பார்த்தாய். அது உடையக்கூட இல்லை, வளைந்தது. வாயில் வைத்துக் கண்ணை மூடினாய். மெல்லவில்லை. எனக்குப் பதறியது.

"அம்மா, இதான்! எங்க கடைச் சரக்கேதான்! பாலோவுலயே கிடைக்குதா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். கடையில் விலை படியும் நேரத்தில் நான் குறுக்கே பேசிவிடாதபடி பார்ப்பாயே, அந்தப் பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தந்ததையெல்லாம் தின்று தீர்த்தாய். உன் அம்மா நனைந்த சேலையோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். உன் வீட்டில் அப்படி மலர்ந்த முகத்தை நான் பல மாதமாகப் பார்த்ததில்லை.

நாளை உனக்குத் திதி. எங்கள் கடையிலிருந்து நல்லதாக ஒரு பெட்டி எடுத்து வரட்டுமா என்று நேற்று உன் அம்மாவிடம் போனில் கேட்டேன். "எதுக்கும்மா வீண் செலவு? அதேதான் இங்கயே கிடைக்குதே. நான் வாங்கி வச்சிட்டேன்" என்றார்.

ஆகவே நாளைக்கும் வாழையிலையில் வடைக்குப் பக்கத்தில் அந்த முயல்தான் குதிக்கும். படைத்து முடித்ததும் உன் அம்மா அதை உடைத்து முதல் துண்டை என் கையில் வைப்பார், ஒவ்வொரு வருடமும் போல. வாயில் போட்டதும் பல்லெல்லாம் மெழுகு ஒட்டும். "அதே ருசிதானே? அவ கடைசியா ஆசைப்பட்டுச் சாப்பிட்டதாச்சே" என்று என் முகத்தையே பார்ப்பார்.

எனக்கு விற்கத் தெரியாது என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். இதை மட்டும் விற்கிறேனடி, களைப்பாக இருந்தாலும். "அதே ருசிதான் ஆண்ட்டி" என்கிறேன். அவர் நம்புகிறார்.