கருவெற்றிலைக்கு நான் போட்ட குளியல்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் இந்தக் கடிதத்தைப் பிரிக்கிற வரைக்குமாவது நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. உன் தம்பி முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான், வெட்டியவருக்கு இவன்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் போனில், உன் ஆராய்ச்சிக்கு நாங்கள் அனுப்பிய மூன்று வகை வெற்றிலையில் நம் வீட்டுக் கருவெற்றிலைதான் முதல், அதன் சாறு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கிருமிகூட மிஞ்சவில்லை, யூஜினால் என்கிற கிருமி கொல்லும் சரக்கு அதில்தான் எக்கச்சக்கமாக இருக்க வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை கட்டுரை போகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னாய். நான் சட்டென்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பூரிப்பு என்று நினைத்திருப்பாய். இல்லையடி, பயம்.

வெள்ளையையும் கற்பூர வெற்றிலையையும் அப்பா பறித்த கையோடு கட்டிவிட்டார். கருப்புக் கொடி மாடிக் குழாய் ஓரம் இருக்கிறதா, இலை முழுக்கப் புறா எச்சம். படித்தவர்கள் இருக்கிற இடத்துக்கு இப்படியா அனுப்புவது என்று, நான் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கும் குறடு ஊறவைக்கிற அதே கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, துடைத்து அனுப்பினேன். கிருமியை ஆராய்கிற இடத்துக்குக் கிருமியோடு அனுப்பக் கூடாது என்று நினைத்த மேதை உன் அம்மா. கிருமியைக் கொன்றது வெற்றிலையா நானா என்று இனி யாருக்குத் தெரியும்?

அப்பாவிடம் சொன்னேன். "விடு, புள்ள சந்தோஷமா இருக்கா, யாரு கேக்கப்போறா? உன் சமையல்கூடத்தான் கிருமியக் கொல்லும்" என்றார். நானும் இரண்டு நாள் விட்டுத்தான் பார்த்தேன், சோறு இறங்கவில்லை. எவளோ ஒருத்தி உன் கட்டுரையை நம்பி, பிள்ளையின் புண்ணுக்கு மருந்து வாங்காமல் இலையை அரைத்துப் பூசினால் என்ன செய்வது? போனில் சொல்ல மூன்று முறை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

இதோடு அதே கொடியின் இலையைக் கூரியரில் வைத்திருக்கிறேன், எச்சத்தோடு. நீயே கழுவிக்கொள், வெறும் தண்ணீரில். கட்டுரையை நிறுத்திவை, மறக்காதே. புது இலை ஒரு கிருமியைக்கூடக் கொல்லாவிட்டால் அதையும் அப்படியே எழுது. பேராசிரியர் திட்டினால் எல்லாம் அம்மா செய்த வேலை என்று சொல். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பேச்சை ஊர் நம்ப வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். உனக்குக் கோபம் வரும். போன் பண்ணித் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா