ஓடை வழக்கும் வருடக் கணக்கும்

1959 மே 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். எதிர்மலையே தெரியவில்லை. துவைத்த சட்டை இன்னும் காயவில்லை. அதையே போட்டுக்கொண்டு வேலைக்கு.

வருடக் கணக்கு முடிக்கும் வாரம். இறைச்சிக் கம்பனிக்கு நல்ல லாபம். பன்றி இறைச்சி, சொசேஜ், டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, எல்லாமே போன வருடத்தைவிட அதிகம். துரைமார் பங்களாக்களும் கொழும்பு ஹோட்டல்களும் தின்று தீர்க்கின்றன. என் சம்பள உயர்வு மட்டும் "பாப்பம்".

கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு டைப் அடித்தேன். கம்பனி மீது ஒரு வழக்கு நிலுவையில். தோற்றால் நட்டஈடு கட்ட வேண்டி வரலாம். வழக்குப் போட்டவர் என் மாமனார். இறைச்சி கழுவிய தண்ணீரைக் கம்பனி ஓடையில் விடுகிறது, கீழே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் சனங்கள் அதைத்தான் குடிக்கிறார்கள் என்று வழக்கு. பெரிய கணக்கருக்கு (இனி பெ.க.) உறவு தெரியும். தெரிந்தும் என்னையே அடிக்கச் சொன்னார்.

மே 5, செவ்வாய்

மழை. டைப்ரைட்டர் ரிப்பன் சிக்கி விரலெல்லாம் மை.

பெ.க. யாழ்ப்பாணத்தவர். கெட்டவரில்லை, தீபாவளிக்கு என் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கித் தந்தவர். இன்று டெலிபோனில் கம்பனி வக்கீலிடம்: "உந்தக் குறிப்பு நிக்காது. பன்னிரண்டாந் திகதி வழக்கு. இண்டைக்கு அவையின்ர கோயில்ல காப்புக் கட்டு. கட்டினவர் திருவிழா முடியுமட்டும் தோட்டத்து எல்லையைத் தாண்டமாட்டார். அது தெரிஞ்சுதானே அந்தத் திகதியைக் கேட்டு வாங்கினனாங்கள்."

நான் அதே அறையில். என்னையும் ஒரு மேசை என்று நினைத்தாரோ என்னவோ.

மே 6, புதன்

வேலை விட்டதும் தோட்டத்துக்கு ஓட்டம். மாமா மாரியம்மன் கோயில் தலைவர். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. கரகமும் அவர்தான் எடுக்கிறார்.

"மாமா, பன்னெண்டாந் தேதி கோர்ட்டு. ஒரு நாளுதான், போயிட்டு வந்துருங்க."

"காப்போட எல்ல தாண்டவா? என்ன மாப்ள பேசுறீங்க."

"வராட்டி கேஸத் தள்ளிருவாங்க."

"தள்ள மாட்டாங்க. கோயில் நோட்டீஸும் துன்னூறும் நம்ம கேஸப் பேசுற புரொக்டர் ஐயாகிட்ட குடுத்தனுப்பிட்டேன், ஜட்ஜு ஐயாவுக்குக் காட்டச் சொல்லி. அவரும் சாமி கும்புடுறவருதானே?"

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே. அவர் சிரித்துவிட்டு எனக்குச் சாப்பாடு போடச் சொன்னார். கோபத்தில் மறுசோறும் வாங்கித் தின்றேன்.

மே 9, சனி

வாங்க: மண்ணெண்ணெய், பருப்பு, சின்னவளுக்கு இருமல் மருந்து, ரிப்பன் (கம்பனி தராது).

வீட்டில் மாமாவின் பிடிவாதத்தைத் திட்டித் தீர்த்தேன். கேட்டுக்கொண்டே இருந்த ராசம்மா கடைசியில், "டெலிபோன்ல பெரிய கணக்கர் பேசுனதக் கேட்டது நீங்க. அதப் போய்ச் சொல்ல வாயில்ல. கம்பனி குடுத்த கோட்டர்ஸ் கொழாயில ஊத்துத் தண்ணி குடிக்கிற வாயி, எங்கப்பாவத் திட்ட மட்டும் தொறக்குது."

அவளோடு பேச்சில்லை. அவளும்தான்.

மே 12, செவ்வாய்

இன்றைக்கென்று பார்த்து நல்ல வெயில். வழக்கு தள்ளுபடி.

புரொக்டர் வேறு நாளுக்குத் தவணை கேட்டாராம். திருவிழா என்பது வெறும் சாக்கு என்றாராம் கம்பனி வக்கீல். நோட்டீஸை ஜட்ஜு தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். திருநீறு புரொக்டரின் பையிலேயே.

பெ.க.: "தம்பி, அந்தக் குறிப்பை எடுத்துப்போட்டு 'இல்லை' எண்டு அடியுங்கோ."

அடித்தேன். லாபம் கூடியதற்கு எல்லாருக்கும் கேக். எனக்கும் ஒரு துண்டு. தின்றேன். என்மேலேயே வெறுப்பு.

மே 15, வெள்ளி

லீவு தரவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் கரகம் பார்க்க ஓடினேன்.

ஓடைத் தண்ணீரில்தான் கரகச் செம்பு நிரப்புவது வழக்கம். தண்ணீரில் கொழுப்பு மிதந்தது. நாற்றம். செம்போடு குனிந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். மேளமும் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராசம்மா, இடுப்பில் குடம். எங்கள் கோட்டர்ஸ் குழாய்த் தண்ணீர்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. செம்பில் ஊற்றிக்கொண்டே, "ஆத்தாளுக்கு மட்டும் நல்ல தண்ணி கெடச்சிருச்சு" என்றார். மேளம் மறுபடி தொடங்கியது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மே 18, திங்கள்

மழை. வேலைக்குப் போகவில்லை. சொல்லவும் இல்லை. ஹட்டன் பஸ்ஸில் நெரிசல், யாரோ குடையால் காலில் குத்தினார்கள்.

புரொக்டரிடம், பெ.க. டெலிபோனில் பேசியதை அப்படியே சொன்னேன். தெரிந்தே தேதி வாங்கினார்கள் என்று கம்பனி ஆளே சத்தியக் கடதாசி கொடுத்தால், வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "வேலை போயிரும், தெரியுந்தானே?"

தெரியும். கோட்டர்ஸ் போகும். குழாயும் போகும். பெ.க. முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

அவருடைய கிளாக்கர் என் பெயர், வயது, விலாசம் எழுதிக்கொண்டார். "தொழில்?"

"இறைச்சிக் கம்பனியில கிளாக்கர்" என்றேன். "இன்னைக்கு வரைக்கும்னு சேத்து எழுதிக்குங்க."