சிங்கம் ஏறாத எஃகு

பாய்,

நேற்று மாலை வரை உறுதியான செய்தி இது. உங்கள் முத்திரை போட்ட கத்தி பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் விற்பனையாகிறது. சொன்னவர் எங்கள் பத்திரிகை அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர். கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை; போன மாதமே தானே போய் ஒன்றை வாங்கிவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார். அது நீங்கள் செய்த கத்தி அல்ல என்பதும் உறுதி. அதற்கு ஆதாரம் என் கட்டைவிரல் நகம்.

முத்திரையின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். தட்டியது. அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தால்தான் ஓரம் அப்படிப் பிதுங்கும். உங்கள் முத்திரை அடித்தது அல்ல, அரித்தது. அலகின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கோடு கிழித்து, திராவகம் விட்டுக் கழுவி எடுத்தது. அதில் பிதுங்கல் இருக்காது. அரைச் சக்கரம், அதைச் சுற்றும் ஒரு கை. படத்தை மட்டும் அப்படியே எடுத்திருக்கிறார்கள்.

உங்களை மண்ணில் வைத்துவிட்டு வந்த மழைக்காலம் இன்னும் முழுதாகக் கழியவில்லை. கத்தியைச் செய்தது யார் என்பது உறுதியாகவில்லை. விற்கிற கடை எது என்பது உறுதி. அந்தக் கடையை நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

போர் தொடங்கிச் சீமைக் கத்தியின் வரத்து நின்றிருந்த சமயத்தில்தான் முதன்முதலாக உங்கள் பட்டறைக்கு வந்தேன். கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்சந்து, ஓட்டுக் கொட்டகை. ஆள் உயர மரச்சக்கரத்தை உங்கள் மனைவி சுற்ற, வார் இழுத்துச் சாணைக்கல் ஓட, நீங்கள் குனிந்து உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருந்தீர்கள். தெருவே அவரைப் பாயம்மா என்று அழைத்ததால் எனக்கும் அதுவே பழகிவிட்டது.

"இன்னா சார் வோணும்?"

பேச்சுக்கு ஒரு வழி வேண்டுமே என்று, "பென்சில் சீவ ஒரு கத்தி" என்றேன்.

"பென்சிலுக்கா? கொசு அடிக்க பீரங்கி கேக்குறாரு பாரு."

பாயம்மா சக்கரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "கத்திக்கு வரல அவரு. பாக்கெட்ல பேப்பர் கீது, காதுல பென்சில் கீது. வாயப் புடுங்க வந்துகீறாரு."

நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் கத்தி கொடுக்கவில்லை. வாங்க வருகிறவன் எதை வெட்டுகிறான், உட்கார்ந்தா நின்றா, எந்தக் கையால் என்று கேட்டுவிட்டு, அதை அவன் வெட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நீங்கள் எஃகைத் தொடுவீர்கள். பிறகு ஈரக் களிமண் உருண்டை ஒன்றை அவன் கையில் கொடுத்து, கத்தியைப் பிடிப்பதுபோலப் பிடிக்கச் சொல்வீர்கள். அந்தக் களிமண் காய்ந்ததும் அதுதான் பிடிக்கு அளவு. இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்களை வாசலோடு அனுப்பிவிடுவீர்கள். கர்வம் பிடித்த மனுஷன் என்று லஸ் முனையில் உங்களைப் பற்றிச் சொன்னார்கள். நான் விசாரித்த வரையில் அது உண்மைதான்.

எஃகைப் பற்றியும் எழுதிவைக்கிறேன், பின்னால் நடந்தது எல்லாம் அதனால் வந்தது என்பதால். தொழிற்சாலைகளில் இரும்புத் துண்டங்களை அறுக்கும் இயந்திர ரம்பத்தின் பட்டைகள் உடைந்தால் பழைய இரும்போடு ஏலத்தில் போகும். அவற்றை நீங்கள் எடுப்பீர்கள். 'ஹை ஸ்பீட் ஸ்டீல்' என்ற அதன் பெயரைப் பட்டறைக்காரர்கள் 'ஐஸ்பீடு' என்பார்கள். சாதாரண எஃகு சாணையில் காய்ந்து நீலம் பூத்தால் கூர் நிற்காது. இது சிவக்கக் காய்ந்தாலும் கடினம் விடாது. அதனாலேயே யாருக்கும் வளைந்து கொடுக்காது. அரம் வழுக்கும், துளைக்கப்போனால் துளையாணி முறியும். ஆணி அடித்துப் பிடி போட முடியாமல், அரக்கு உருக்கி ஊற்றிச் செப்புக் கம்பி சுற்றுவீர்கள். தீட்டுவது ஒன்றுதான் வழி, அதுவும் நாள் கணக்கில். கொல்லர் ஒருவர் ஒரு மூச்சில் முடிக்கிற கத்தியோடு நீங்கள் ஒரு வெள்ளி தொடங்கி மறு வெள்ளி வரை மல்லுக்கட்டினீர்கள். ஆனால் கம்பியும் நூலும் ஓடுகிற பழைய டயரை வெட்டிச் செருப்புத் தைக்கிறவர்களிடம் கேட்டால், மற்றக் கத்தி மதியத்துக்குள் மழுங்கும், பாய் கத்தி அடுத்த மாதத்தைக் கேட்கும் என்பார்கள்.

அந்தப் பேச்சு பாரிமுனைக்கு எட்டியது. மொத்தக் கடையின் ஏஜெண்ட் வந்த அன்று நானும் இருந்தேன்.

"பாய், சீமைக் கத்தி தோத்துது போங்க. அதுல இருக்கற மாதிரி ஒரு சிங்க முத்திரை மட்டும் போட்டுட்டா யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"எனுக்குத் தெரியும்."

"வாங்கறவனுக்குத் தெரியாம இருந்தா சரிதானே?"

"நான் பெத்த புள்ளைக்கு இங்கிலீஷ்காரன அப்பன்னு எழுதச் சொல்றியா?"

"அப்ப நான் இன்னா ஆவேன்?" என்று சக்கரத்தின் பக்கமிருந்து குரல் வந்தது. ஏஜெண்ட் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

முத்திரை இல்லாமல் எடுத்துக்கொள்கிறோம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டு, ஒரு கட்டு டயர்க் கத்தி வாங்கிப்போனார்கள். போன இடத்தில் சிங்கம் ஏறிவிட்டது.

அது தெரியவந்தது மாணிக்கத்தின் கையால். லஸ் முனையில் டயர்ச் செருப்பு வெட்டும் மாணிக்கம், சீமைச் சரக்கு என்று நம்பிப் பாரிமுனையில் கத்தி வாங்கியிருந்தார். வெட்டும்போது அலகு இரண்டாக முறிந்து உள்ளங்கையில் ஏறியது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள், இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. அவர் ஆட்கள் கடையில் போய்க் கேட்டதும் சிங்கம் காணாமல் போனது. "அது சீமைக் கத்தியே இல்லப்பா, மயிலாப்பூர் பாய் செஞ்சது. எங்களையே ஏமாத்திட்டான்" என்றார்கள்.

உங்களிடம் சொத்து என்று இருந்தது 'பாய் கத்தி' என்ற பேச்சு ஒன்றுதான். அது ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. தோல் வெட்டுகிறவர்கள் வரவில்லை. செய்து வைத்திருந்த கத்திகளையும் எடுக்க ஆள் இல்லை. அப்போது அந்த ஏஜெண்ட் மறுபடி வந்தார்.

"ஒரு வார்த்தை போதும் பாய். பதம் தப்பிப்போச்சு, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிடுங்க. முதலாளி மறுபடி ஆர்டர் தருவாரு."

"எனுக்குத் தெரியாம நடந்தது உங்க கடையில. அங்க போய்ச் சொல்லு."

"கோவத்துல சோத்தக் கெடுத்துக்காதீங்க."

"சோறு எனுக்கு. உனுக்கு இன்னா வயிறு வலிக்குது?"

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் மாணிக்கத்தின் குடிசைக்குப் போனீர்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாத்துக்கு வந்த? மிச்ச வெரலையும் எடுத்துக்கினு போவவா?"

"உடஞ்ச துண்டு கீதா?"

"கீது. உன் நெஞ்சுல சொருவ வச்சிகீறேன்."

"அப்புறம் சொருவு நைனா. மொதல்ல காட்டு."

அவர் மனைவி துணியில் சுற்றி எடுத்துவந்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தீர்கள். எனக்கும் காட்டினீர்கள். சிங்கத்தின் பின்னங்காலிலிருந்து முடிபோல ஒரு கோடு கிளம்பி விளிம்பு வரை ஓடியிருந்தது. அந்தக் கோட்டில்தான் அலகு முறிந்திருந்தது. முத்திரையைச் சுற்றி, தீயில் காய்ந்த எஃகின் கருவட்டம்.

"எல்லாரும் முறிஞ்ச எடத்தப் பாக்குறாங்க சார். எங்க கெளம்பிச்சுன்னு பாருங்க" என்றீர்கள்.

என்ன நடந்தது என்பதை நான் தனியாக விசாரித்து உறுதி செய்தேன். சொன்னவர், அந்த முத்திரையை அடித்த கொல்லரேதான். குளிர்ந்த அலகில் அடித்துப் பார்த்தார்களாம். அச்சின் முகம்தான் நசுங்கியது. அதனால் அந்த இடத்தை மட்டும் சிவப்பையும் தாண்டி மஞ்சளாகும் வரை காய்ச்சி அடித்தார்கள். சிங்கம் ஏறியது. பிறகு எந்தக் கத்திக்கும் செய்கிற வழக்கப்படி தண்ணீரில் தோய்த்தார்கள். கொல்லர் கை தன்னால் செய்கிற காரியம் அது. ஆனால் அந்த எஃகு காய்ந்திருக்கும்போது தண்ணீர் பட்டால் உள்ளே கீறிவிடும். கீறல் கண்ணுக்குத் தெரியாமல் கடைக்குப் போய், மாணிக்கத்தின் கையில் வெளிவந்தது.

எழுதிக் கொடுத்தேன். காகிதப் பஞ்சத்தில் எங்கள் பத்திரிகை சுருங்கிக் கிடந்த காலம். "போர்முனைச் செய்திக்கே இடமில்லை, இதில் உம் கத்தியை எங்கே செருக?" என்றார் ஆசிரியர். வந்து உங்களிடம் சொன்னேன்.

"உங்க பேப்பர்ல எடம் இல்லேன்னா போவுது. என் கதவுல கீது."

முறிந்த துண்டு இரண்டையும் செப்புக் கம்பியால் கதவில் கட்டிவிட்டீர்கள், சிங்கம் வெளியே தெரியும்படி. பக்கத்தில் சாக்கட்டியால் பாயம்மா எழுதினார்: 'கத்தி எங்களுடையது. சிங்கம் எங்களுடையது அல்ல. கோடு எங்கே தொடங்குகிறது பாருங்கள்.' தொழுகைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். கபாலி கோயிலுக்குப் பூ கொண்டுபோகிறவர்கள் கூடையை இறக்கிவைத்துப் பார்த்தார்கள். கடை ஆட்கள் இரண்டு பேர் அதைக் கழற்ற வந்தபோது சந்தில் கூட்டம் நின்றிருந்தது.

"கழட்டு பாய். முதலாளி பேரு கெடுது."

"அவரு பேரு எங்க எழுதிகீது? சிங்கந்தானே கீது. அது உங்களுதுன்னு சொல்லு, இப்பவே கழட்டித் தரேன்."

"சொல்லேன்யா!" என்று கூட்டத்தில் யாரோ கூவினார்கள். வந்தவர்கள் சொல்லாமலே திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆனாலும் ஆர்டர் அதனால் திரும்பவில்லை. கதவைப் பார்த்தவர்கள் உங்களை நம்பினார்கள், கத்தியை நம்பவில்லை. அதற்கு மாணிக்கம் வரவேண்டியிருந்தது. கட்டுப் பிரித்த கையோடு ஒரு காலையில் வந்து நின்றார்.

"எனுக்கு ஒரு கத்தி செஞ்சி குடு. இந்தக் கைக்கு."

"இடது கைல பழகிக்கயேன்."

"நான் இன்னாத்துக்குப் பழவணும்? உன் கத்தி பழவட்டும்."

களிமண் உருண்டையை நீட்டினீர்கள். அவர் பிடித்தார். மூன்று விரல் அழுந்தி, மடங்காத இரண்டு விரல் மேலேயே நின்று, உருண்டை ஒரு பக்கம் வீங்கிக் கோணலாக வந்தது. நீங்கள் அந்தக் கோணலைத் திருத்தவில்லை. பிடியை அப்படியே செதுக்கினீர்கள். வேறு எவர் எடுத்தாலும் அந்தக் கத்தி கையில் உட்காராது. மாணிக்கம் எடுத்தபோது உட்கார்ந்தது. அடுத்த வாரம் அவர் லஸ் முனையில் பழைய இடத்தில் கோணியை விரித்து, உட்கார்ந்து, லாரி டயர் வெட்டினார். "எவன்டா பாய் கத்தி முறியும்னது?" என்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் வம்புக்கு நின்றார். ஒரு மாதத்தில் உங்கள் வாசலில் மறுபடி களிமண் காய்ந்தது.

அதன் பிறகுதான் முத்திரை வந்தது. இனி வேறு யாரும் எதையும் ஏற்றக்கூடாது என்று பாயம்மா பிடிவாதம் பிடித்து, ஊசியால் அவரே வரைந்தார். "சக்கரம் சரி. இந்தக் கை யாருது?" என்று கேட்டீர்கள். "இத்தினி வருசம் சுத்தினது உன் கையா?" என்று பதில் வந்தது. நீங்கள் திராவகத்தை எடுத்தீர்கள்.

உங்களைக் கொண்டுபோனது அத்தனை வருடம் மூச்சில் ஏறிய சாணைத் தூசிதான். மூக்கில் துணி கட்டு என்று அவர் போட்ட சத்தம் எல்லாம் தெருவுக்குத்தான் கேட்டது. கடைசி நாட்களில் மூச்சு இழுக்கும்போதுகூட, வெட்டிக் காட்டாத ஆளுக்குக் கத்தி கொடுக்காதே என்று அவரிடம் சண்டை போட்டீர்கள். இப்போது அவர் துணி கட்டிக்கொண்டு தீட்டுகிறார். சக்கரத்தை அவருடைய தங்கை சுற்றுகிறார்.

வெள்ளைக்காரன் போன பிறகு சிங்கத்துக்கு மவுசு போய்விட்டது. அதனால் இப்போது உங்கள் சக்கரத்துக்கு வந்திருக்கிறார்கள். போன வாரம் அதே ஏஜெண்ட், தலை நரைத்துப்போய், பட்டறைக்கு வந்தார். முத்திரையைக் கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் உட்கார்ந்த இடத்தில் சாப்பிடலாம் என்றார். நான் கூட இருந்தேன். இது நேரில் கேட்டது.

"அவரு இருந்தப்ப சிங்கத்தக் குடுக்க வந்தீங்க, வேணாம்னாரு. இப்ப எங்க கையையே கேக்குறீங்களா? போய் முதலாளிகிட்ட சொல்லு, கை வேலையா கீது."

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வழக்கம். எந்த விபத்துச் செய்தி வந்தாலும், எந்த வீட்டில் எது முறிந்தாலும், முறிந்த இடத்தை எழுதிவிட்டு எழுந்துவிடுவதில்லை. கோடு எங்கே கிளம்பியது என்று போய்ப் பார்க்கிறேன். இதனால் எனக்குப் பல வாசல்களில் வரவேற்பு இல்லை. பரவாயில்லை.

நிலுவையில் இருப்பவை: பாயம்மா கடைமேல் வழக்குத் தாக்கல் செய்துவிட்டார். கடை அந்த முத்திரையோடு விற்கக்கூடாது என்று தடை கேட்டிருக்கிறார். மாணிக்கம் சாட்சி சொல்கிறார். கோர்ட்டில் டயர் வெட்டிக் காட்ட அனுமதி உண்டா என்று வக்கீலைத் தினமும் போய்த் தொல்லை செய்கிறார். சிங்கத்தை அடித்த கொல்லர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; கூண்டில் ஏறிய பிறகே அதை உறுதி என்று எழுதுவேன். பொங்கல் விடுமுறை கழிந்து கோர்ட் திறக்கும் முதல் வாரத்தில் விசாரணைக்கு எடுப்பார்கள், மாசிக்குள் உத்தரவு எதிர்பார்க்கலாம் என்கிறார் வக்கீல்.