மேல்மாடி வால்வு

நவம்பர் 3, ஞாயிறு
வீட்டுக்குச் சூடு தரும் கொதிகலனில் தண்ணீர் விட மறந்து நானே அதைக் கருக்கிவிட்டேன் என்று எங்கள் ஸஹ்லே ஊர் முழுக்கப் பேச்சு. பொய். காலை ஏழு மணிக்கு அழுத்தம் பார்த்து எழுதி வைக்காத நாள் கிடையாது. இன்று பூசை முடிந்ததும் மேல்மாடியில் குடியிருக்கும் என் கொழுந்தன் நக்லே பாதிரியாரிடம் சொல்கிறான்: "பாவம் சாமி, அண்ணிக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. மடத்து முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் கேட்டுப் பாக்கணும்."
என் காதும் போய்விட்டது என்று நினைத்தான் போல.

நவம்பர் 5
கோட்டோடு சாப்பிட்டேன். கோட்டோடு படுக்கிறேன்.

நவம்பர் 9
பழுது பார்க்க வந்த சர்கீஸ் மேஸ்திரி கொதிகலனின் டீசல் தொட்டிக்குள் குச்சி விட்டு எடுத்தார். தார் மாதிரி கறுப்பு.
"அம்மா, இது வண்டியில இருந்து எடுத்த கழிவு ஆயில். யாரோ கலந்துருக்காங்க. அதான் எல்லாம் அடைச்சுப் போச்சு."
யாரோவா? தொட்டிச் சாவி என்னிடமும் நக்லேயிடமும்தான். கார்ப் பட்டறை வைத்திருப்பது நான் இல்லை. இந்த முறை டீசல் நிரப்ப வேண்டியவனும் அவன்தான். அண்ணன் தம்பி பிரியக்கூடாது என்று இரண்டு வீட்டுக்கும் ஒரே கொதிகலன் வைத்துவிட்டுப் போனார் மறைந்த என் கணவர். அதில் போய்... ச்சே! என்ன ஜென்மம்டா நீ!

நவம்பர் 14
விறகடுப்பு வேண்டாம், கட்டை சுமக்க முடியாது. சூடு தரும் ஏசியும் வேண்டாம், மின்சாரத்தை நம்பி யார் இருப்பது? மறுபடி டீசல் கொதிகலன்தான்.
"உங்க ஒரு வீட்டுக்குச் சின்னது போதும்மா."
"பெரிசே போடுங்க. மேல்மாடிக் குழாயையும் சேருங்க. அதுக்கு மட்டும் தனி வால்வு, என் சமையலறைக்குள்ள."
மேஸ்திரி குழாயை அளந்துகொண்டே கேட்டார்: "நீங்க கன்னியர் மடத்துலயா படிச்சீங்க?"
"ஆமா, தண்டனை குடுக்க அங்கதான் கத்துக்கிட்டேன்."

நவம்பர் 28
பனி. என் அறையில் இருபத்திரண்டு டிகிரி. மேல்மாடி வால்வை மூடியே வைத்திருக்கிறேன். மேலே கட்டிலை வெயில் படும் அறைக்கு இழுக்கிறார்கள். கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கொண்டே காப்பி குடித்தேன். நான் செய்வது பாவம்தான். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்; இப்போதைக்கு இல்லை.

டிசம்பர் 2
நக்லேயின் மனைவி வர்தே ஒரு தட்டு கிப்பே, கறி உருண்டையோடு வந்தாள்.
"வால்வக் கொஞ்சம் தெறங்கக்கா. அவருக்கு நெஞ்சு பூரா சளி."
"வாய் நல்லாத்தானே இருக்கு? வந்து கேக்கச் சொல்லு."
"வெக்கப்படுறாரு."
அவள் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்தேன். சாயங்காலம்தான் எழுந்து போனாள். அவள் கையில் கொடுத்தனுப்பிய கடிதத்தின் நகல்:

நக்லேவுக்கு,
தொட்டியில் கழிவு எண்ணெய் ஊற்றியது நீ. வரும் ஞாயிறு பாதிரியாரிடம், ஊரார் காதில் விழும்படி அதைச் சொல்வாயா, மாட்டாயா? சொல்வதாக இருந்தால் வால்வை இன்றே திறக்கிறேன். பதிலை எழுதி, கையெழுத்திட்டு அனுப்பவும்.