பழுப்புக்குள் போனவள்

1904, அக்டோபர் 11

இன்றும் ஒரு பூச்சு. எண்ணெயில் பழுப்பைக் கரைத்து, நீர்த்த தேநீர்போல மெல்லிசாக, படம் முழுக்க. பூசிவிட்டு என் வீட்டுக்காரர் ஆன்செல் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன இலையுதிர்காலம் முழுக்க ஆற்றோரச் சதுப்பில், கணுக்கால் சேற்றில், இவருக்காக நின்றவள் நான். படத்தின் பெயரே ‘வீடு திரும்பும் பெண்’. இப்போது அவள் எங்கே?

“அங்கதான் இருக்கா லெட்டி. கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்ல, மனசுல படும்.”

என் மனசில் படவில்லை.

அக்டோபர் 19

பக்கத்து வீட்டு யூஃபீமியா சுட்ட ஆப்பிள் கொண்டுவந்தாள். படத்தின் முன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“சாயங்கால வெளிச்சம் அப்படியே இருக்கு! அதோ, சேத்துல நிக்கிற கட்டை கூட எவ்வளவு தத்ரூபம்!”

கட்டை! அவள் காட்டியது என்னை. பெண்டாட்டியைக் கட்டை என்கிறார்கள், இந்த மனுஷனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆப்பிளில் ஒரு துண்டுகூட அவருக்கு நான் கொடுக்கவில்லை.

நவம்பர் 2

மழை. இன்னொரு பூச்சு.

நவம்பர் 20

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன்: “நான் இன்னிக்கு என்ன நிறத்துல உடுத்தியிருக்கேன், சொல்லுங்க பாப்போம்.”

“பழுப்பு.”

நீலம். வெளியே வந்து காட்டினேன். “தூரத்துல எல்லாமே பழுப்புதான்” என்கிறார். தூரமா? நடுவில் இருந்தது ஒரு கதவு! இத்தனை வருஷம் இந்த ஆளோடு எப்படித்தான் குப்பை கொட்டினேனோ.

டிசம்பர் 8

படம் நியூயார்க் கண்காட்சிக்குப் போய்விட்டது. பெட்டிக்கு ஆணி அடிக்கும்வரை தூரிகையும் கையுமாகச் சுற்றினார். விட்டது சனியன் என்று மூச்சுவிட முடிகிறதா? திறப்புக்கு முந்தின நாள் ‘வார்னிஷ் நாள்’. மாட்டிய படத்துக்கு வார்னிஷ் அடிக்கவும் ஏதாவது திருத்தவும் ஓவியர்களை உள்ளே விடுவார்கள். எந்தப் புண்ணியவான் ஏற்படுத்திய வழக்கமோ! இவர் பழுப்புக் குழாயோடு போவார். படத்திலிருந்து நான் மிச்சமின்றிப் போவேன்.

டிசம்பர் 29

முன்கூட்டியே கிளம்பிப் போனவரிடமிருந்து தந்தி.

“பட்டியலில் ‘வீடு திரும்பும் பெண்’ என்றே அச்சாகிவிட்டது. பெண் எங்கே என்கிறது கண்காட்சிக் குழு. நாளைக்குள் தெரியாவிட்டால் படத்தை இறக்கிவிடுவார்கள். காகிதத்தில் வரைந்து பார்த்தேன். நீ வரவில்லை. காலை வண்டியில் புறப்படு.”

சிரித்தேன். அப்புறம் ஏனோ அழுகை வந்தது. நீ வரவில்லையாம்!

யூஃபீமியா, “போகாதடி, நல்லா திண்டாடட்டும்” என்றாள். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் இறக்கினால் அந்தப் படம் நேரே வீட்டுக்குத்தானே வரும்? மறுபடி பூசுவாரே! பெட்டியில் துணி எடுத்து வைத்தேன்.

டிசம்பர் 31, நியூயார்க்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கூடம் முழுக்க ஏணிகள், ஏணிகள்மேல் ஆண்கள், கண்ணை எரிக்கும் வார்னிஷ் நெடி. படத்தில் நான் நின்ற இடத்துப் பூச்சையெல்லாம் டர்பன்டைன் துணியால் ஆன்செல் துடைத்து எடுத்திருந்தார். சன்னல் பக்கம் நிற்கச் சொன்னார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். பார்த்தார்.

படத்தை இல்லை, என்னை. எவ்வளவு நேரமென்று தெரியாது. பக்கத்து ஏணிக்காரரும் வேலையை நிறுத்திவிட்டார். என்னைக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

“லெட்டி... உனக்கு முடி எப்போ நரைச்சது?”

“நீங்க பூசிக்கிட்டிருந்தப்போ.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், ரயிலில் வரும்போது சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எனக்கே வேண்டாமென்று போய்விட்டது. வண்ணப் பெட்டியைக் கிளறினார். வெள்ளை இல்லை. பக்கத்து ஏணிக்காரரிடம் ஒரு குழாய் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

என் தலைமுடியிலிருந்து ஆரம்பித்தார்.